மாலையைக் கழற்றாத சாமி

நாற்பத்தெட்டு நாள் விரதம் முடிந்து ஐந்து நாள் ஆகியும் குப்புராஜ் கழுத்தில் கிடந்த துளசி மாலையைக் கழற்றவில்லை. தாம்பரம் கிழக்கு ஸ்டேஷன் வாசல் ஆட்டோ ஸ்டாண்டில் அதுதான் பேச்சு. சபரிமலைக்குப் போனவர்கள்கூடத் திரும்பி வந்து, தாடியை மழித்து, செருப்பு மாட்டி, வண்டி ஓட்டத் தொடங்கிவிட்டார்கள். மலைக்கே போகாத குப்புராஜ் மட்டும் கறுப்பு வேட்டியும் வெறுங்காலுமாக வரிசையில் நின்றுகொண்டிருந்தார்.

“இன்னா சாமி, மாலைய கழட்டுற ஐடியா கீதா இல்லியா?” என்றான் அன்பு. பக்கத்து வண்டிக்காரன், பத்து வயது இளையவன். சட்டைப் பையிலிருந்து ஒரு சிகரெட்டை எடுத்துக் காட்டினான். “உனக்குன்னு வாங்கி வச்சது. அஞ்சு நாளா பாக்கெட்லயே கெடந்து எப்டி வளைஞ்சி போச்சு பாரு.”

“உள்ள வை அன்பு. சாமிகிட்ட அதக் காட்டாத.”

“மன்னிச்சிக்கோ சாமி,” என்று சிரித்துக்கொண்டே உள்ளே வைத்தான்.

அவன் கெட்டவன் இல்லை. அது ஸ்டாண்டில் பதினோரு வருடமாக இருக்கும் வழக்கம். கார்த்திகை ஒன்றாம் தேதி மாலை போட்டால் குப்புராஜ் பீடி, சிகரெட் எதையும் தொட மாட்டார். எல்லாரும் அவரைச் சாமி என்பார்கள்; வண்டியில் ஏறுகிறவர்களை அவரும் சாமி என்பார். ஒரு நாளுக்கு ஒரு கட்டு ஊதுகிற மனுஷன், நிறுத்துவது தெரியாமலே நிறுத்திவிடுவார். மாலையைக் கழற்றி ஸ்டாண்டுக்கு வந்ததும் டீக்கடையில் அன்பு ஒரு சிகரெட் நீட்டுவான். குப்புராஜ் கண்ணை மூடி முதல் இழுப்பு இழுப்பார். எல்லாரும் கைதட்டுவார்கள். சாமி மறுபடி குப்பண்ணா ஆகிவிட்டதற்கு அதுதான் அடையாளம்.

இந்த வருடம் அந்தக் கைதட்டலை நினைத்தாலே அவருக்குப் பயமாக இருந்தது.

ஐப்பசி மழையில் அவரை நுரையீரல் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். ஒன்பது நாள் ஆக்சிஜன். இருமல் என்று அவர் ஐந்தாறு வருடமாக நினைத்துக்கொண்டிருந்தது இருமல் இல்லை. மூச்சுக்குழாய்கள் சுருங்கிப்போகிற வியாதி. “போனது திரும்ப வராது. மிச்சம் இருக்கிறதைக் காப்பாத்தணும்னா புகை நிக்கணும். அடுத்த தடவை இப்படி வந்தா நான் எதுவும் சொல்ல முடியாது,” என்றார் டாக்டர். மலை ஏறவும் கூடாது என்றார்.

புகையை விடுவதற்கென்றே அங்கே ஓர் அறை இருக்கிறது. அதில் சத்யபிரியா என்ற ஆலோசகர். பன்னிரண்டு வாரச் சிகிச்சை. சூயிங்கம் மாதிரி ஒரு மருந்து தருவார்கள். மென்று, காரம் ஏறியதும் கன்னத்தில் ஒதுக்கி வைத்துக்கொள்ள வேண்டும். இரண்டு வாரத்துக்கு ஒரு வியாழக்கிழமை போய் ஒரு மெஷினில் ஊத வேண்டும். உடம்பில் எவ்வளவு புகை இருக்கிறது என்று அது எண்ணில் காட்டிவிடும். வீடு திரும்பியதும் மறுபடி பிடித்திருந்ததால் முதல் தடவை இருபத்தொன்று காட்டியது.

குப்புராஜ் கார்த்திகை ஒன்றாம் தேதியே மருந்தையும் தொடங்கினார். மூன்றாம் நாள் ஸ்டாண்டில் அட்டையைப் பிரிக்கும்போது அன்பு வாங்கிப் படித்தான்.

“நிக்கோட்டின்னு போட்டுகீதே சாமி. இது பொகையிலையிலேர்ந்து எடுக்குற சமாச்சாரம். மாலையப் போட்டுகினு பொகையிலைய அதக்குறியா?”

அவன் சும்மாதான் சீண்டினான். குப்புராஜுக்கு அது முள்ளாகத் தைத்துவிட்டது. வாயிலிருந்ததைத் துப்பி, மூன்று முறை கொப்பளித்தார். அதற்குப் பிறகு ஒன்றுகூட மெல்லவில்லை. ஆனால் ஆஸ்பத்திரிக்குத் தவறாமல் போனார். “கம் மெல்றீங்களா சார்?” என்று சத்யபிரியா கேட்டால் தலையாட்டினார். ஊதினால் மெஷின் இரண்டு காட்டியது. “சூப்பர் சார்!” என்று அவள் புதிய அட்டைகளைக் கொடுத்தாள். அவற்றை வண்டியின் முன்பெட்டியில் துணிப்பைக்குள் போட்டுப் பூட்டினார். வீட்டில் தனத்திடம் சொல்லவில்லை.

இப்போதுதான் விபரீதம் புரிந்தது. ஐம்பத்து மூன்று நாளாக அவரைப் பிடித்து நிறுத்தியது மருந்தில்லை, மாலை. அதைக் கழற்றினால் அன்பு நீட்டுவான். தன் கை எப்படியும் வாங்கிவிடும். பதினோரு வருடம் வாங்கிய கை. அதனால் கழற்றாமலே இருந்தார். மாலை போட்டுவிட்ட குருசாமி கேட்டதற்கு, நல்ல நாள் பார்க்கிறேன் என்று சொல்லி வைத்தார். ஆனால் மாலை இருக்கிறவரை விடியற்காலையில் பச்சைத் தண்ணீர்க் குளியலும் உண்டு, வெறும் தரைப் படுக்கையும் உண்டு. மார்கழிப் பனி நெஞ்சுக்குள் இறங்கியது. ஸ்டேஷன் படிக்கட்டில் பத்துப் படி ஏறினால் பதினோராவது படியில் உட்கார வேண்டியிருந்தது. மாலை இருந்தால் மூச்சுக்கு ஆபத்து, கழற்றினாலும் மூச்சுக்கு ஆபத்து. யாரிடம் போய்ச் சொல்வது?

மறுநாள் வியாழக்கிழமை. இரும்புலியூரில் அவர்கள் வீட்டுக் குளியலறையில் இரண்டாவது சொம்பு தலையில் விழுந்ததும் மூச்சு அடைத்துக்கொண்டது. வெளியே விட முடிகிறது, உள்ளே போக மாட்டேன் என்கிறது; பிறகு அதுவும் தலைகீழாகிவிட்டது. சொம்பு உருண்ட சத்தம் கேட்டுத் தனம் கதவைத் தட்டினாள்.

“சாமி! சாமி! இன்னா ஆச்சு? கதவத் தெற!”

தாழ்ப்பாளைத் தள்ளிவிட்டு அவர் சுவரில் சரிந்தார். “வண்டி... பொட்டி... மருந்து...”

மூச்சு முட்டினால் இழுக்க டாக்டர் கொடுத்த இன்ஹேலர் வண்டிப் பெட்டியில் இருந்தது. தனம் சாவியைப் பிடுங்கிக்கொண்டு ஓடினாள். திரும்பி வந்து வாயில் வைத்து அழுத்தினாள். ஒன்று. இரண்டு. கால் மணி நேரம் கழித்து நெஞ்சு கொஞ்சம் இளகியது. அப்போதுதான் அவர் பார்த்தார்: அவள் மடியில் அந்தத் துணிப்பையும் இருந்தது. ஒவ்வோர் அட்டையாக எடுத்து அடுக்கினாள். எதுவும் பிரிக்கப்படவில்லை.

“இத்தினி நாளா மெல்றேன் மெல்றேன்னு சொன்னது பொய்யா?”

“அதுல பொகையில கீது தனம். மாலையோட எப்டி...”

“ஒம்போது நாளு அந்த ஆஸ்பத்திரி வராண்டாவுல நான் குந்திகினு இருந்தேனே, அது தெரியுமா உனக்கு?” சாமி என்று கூப்பிட மறந்துவிட்டாள். “எழுந்திரு. இன்னிக்கி வியாழக்கெழம. நானும் வரேன்.”

ஆஸ்பத்திரியில் அவளே முன்னால் நடந்தாள். சத்யபிரியாவின் மேசைமேல் பையைக் கொட்டினாள். குப்புராஜ் தரையைப் பார்த்துக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னார். இனி சிகிச்சையிலிருந்து பெயரை அடித்துவிடுவார்கள் என்றுதான் நினைத்தார். ஆஸ்பத்திரியில் பொய் சொன்னவனுக்கு வேறென்ன செய்வார்கள்?

சத்யபிரியா அட்டைகளைப் புரட்டிப் பார்த்தாள். முகம் வாடித்தான் போனது.

“நான் மெஷினை மட்டும் பார்த்துட்டேன் சார். அட்டையைக் கேட்டிருக்கணும்.” பிறகு பேனாவை எடுத்தாள். “போன வருஷம் மாலை கழட்டி எவ்வளவு நேரத்துல பத்த வச்சீங்க?”

“அர மணி நேரம் இருக்கும்மா.”

“அதுக்கு முந்தின வருஷம்?”

“அதே அர மணி நேரம்தான். கோயில்லேர்ந்து ஸ்டாண்டுக்கு வர நேரம்.”

“யார் கொடுக்கிறது?”

“அன்பு. டீக்கட வாசல்ல.”

அவள் எல்லாவற்றையும் எழுதினாள். “அப்போ முதல்ல அந்த அரை மணி நேரத்துக்கு ஏற்பாடு பண்ணுவோம். மாலை கழட்டின உடனே ஒரு கம் வாயில போடுங்க. ஸ்டாண்டுக்குப் போறதுக்கு முன்னாடி. அப்புறம் எப்ப ஆசை வந்தாலும் ஒண்ணு. மாசி முடியற வரைக்கும் வாராவாரம் வரணும். ஒருவேளை பிடிச்சுட்டாலும் வரணும், ஒளிய வேண்டாம்.”

“பேர அடிக்க மாட்டீங்களா?”

“எதுக்கு சார்?”

“மாலையோட இத மென்னா தப்பில்லியாம்மா?”

“அது எனக்குத் தெரியாது சார், உங்க குருசாமியைக் கேளுங்க. இது மருந்துன்னு மட்டும் எனக்குத் தெரியும்.”

அடுத்த அறையில் டாக்டர் பச்சைத் தண்ணீர்க் குளியலைக் கேட்டதும் போட்டார் ஒரு சத்தம். தனம் அதைக் கேட்டுத் திருப்தியாகத் தலையாட்டினாள்.

வெள்ளிக்கிழமை காலை வெந்நீரில் குளித்துவிட்டு, செம்பாக்கத்தில் குருசாமி பூஜை செய்யும் சின்ன ஐயப்பன் கோயிலுக்குப் போனார்கள். மாலை கழுத்தை விட்டுப் போனதும் குப்புராஜுக்கு உடம்பில் துணியே இல்லாத மாதிரி இருந்தது. கற்பூரப் புகையைக்கூட விலகி நின்று பார்த்தார். மணி எட்டு. வாசலில் தனம் அவர் காலடியில் செருப்பைப் போட்டாள். கையில் ஒரு கம் வைத்தாள். “மெல்லு. நான் பாக்கணும்.”

மென்றார். மிளகு கடித்த மாதிரி நாக்கில் ஏறியது. கன்னத்தில் ஒதுக்கினார். மனமில்லாமல் அவளை வீட்டில் விட்டுவிட்டு ஸ்டாண்டுக்கு வந்தபோது எட்டு இருபது.

“குப்பண்ணா! வாண்ணா வா!” என்று அன்பு டீக்கடையிலிருந்து ஓடி வந்தான். நாலு பேர் வண்டியிலிருந்து இறங்கினார்கள். கைதட்ட ஆளாளுக்குத் தயாராக இருந்தார்கள். அந்த வளைந்த சிகரெட் நீண்டது. குப்புராஜ் பயந்தபடியே, கை வாங்கிவிட்டது. இரண்டு விரலுக்கு நடுவில் அது பழைய லாவகத்தோடு போய் உட்கார்ந்தது. அன்பு லைட்டரைத் தட்டினான். நெருப்பு முகத்துக்கு நேரே வந்தது.

கன்னத்தில் காரம் சுள்ளென்றது.

“அன்பு,” என்றார். “மாசி முடியற வரைக்கும் என்ன சாமின்னே கூப்புடு.”

“இன்னாண்ணா ஒளர்ற? மாலதான் இல்லியே.”

“மால இல்லன்னாலும் கூப்புடு. எல்லாரும் கூப்புடுங்க. சாமிகிட்ட எவனும் சிகரெட்ட நீட்ட மாட்டீங்க இல்ல?”

அன்பு லைட்டரைப் பிடித்தபடியே நின்றான். கட்டைவிரல் சுட்டதும் உதறினான். “அடப்போப்பா, மெய்யாலுமா?” என்று அவர் முகத்தைப் பார்த்தான். அந்த முகத்தில் என்ன தெரிந்ததோ, சிரிப்பு நின்றுபோனது. அவர் விரலிடுக்கிலிருந்து சிகரெட்டை மெல்ல உருவிக்கொண்டான்.

“சரி சாமி,” என்றான். “ஆனா மாசி வரைக்கும் கறிசோறு கேக்காத, சொல்ட்டேன்.”

ரோட்டைத் தாண்டிப் போய், எதிர்ப்பக்கம் நின்று, அதை அவனே பற்றவைத்தான். காற்று இந்தப் பக்கம்தான் அடித்தது. அந்த வாசனைக்குக் குப்புராஜின் வாயில் எச்சில் ஊறியது. மறுபடி மென்றார், வேகமாக, தாடை வலிக்க. மணி எட்டு இருபத்தாறு. அந்த அரை மணி நேரம் முடிய இன்னும் நாலு நிமிஷம். அப்புறம் மாசி முடிய நாற்பத்தெட்டுக்கு மேல் எத்தனையோ நாள்.

ஒரு அம்மா காய்கறிப் பையோடு வந்து நின்றாள். “செம்பாக்கம் வருமாப்பா?”

குப்புராஜ் சாவியைத் திருகினார். “ஏறுங்க சாமி,” என்றார்.