சேலை தொடும் முன் ஒரு கற்பூரம்

ராஜாங்கத்துக்கு வேலை கரும்பு டிராக்டர் ஓட்டுவது. பாரதக் கூத்தில் அவனுக்கு வேஷம், சபையில் அம்மனின் சேலையைப் பிடித்து இழுக்கும் பாவி. மூங்கில்துறைப்பட்டு ஆலை வாசலில் வண்டிகள் வரிசையில் நிற்கும்போது டிராக்டர் மேல் உட்கார்ந்தபடியே வசனம் பாடம் பண்ணுவான். முன்னால் நிற்கிற வண்டிக்காரர், “யோவ், மாடு மெரளுது, கொஞ்சம் கம்மியா கத்துய்யா” என்பார். மற்ற டிராக்டர்களில் பிள்ளைகள் கரும்பை உருவிக்கொண்டு ஓடுவார்கள். இவன் வண்டியை மட்டும் தொட மாட்டார்கள். அந்த மீசையை எல்லோரும் கூத்தில் பார்த்திருக்கிறார்கள்.

நான் அந்தக் கூத்து ஜமாவில் ஆர்மோனியம் வாசிப்பவன். இருபது வேஷக்காரர்களோடு பழகியவன் சொல்கிறேன், ராஜாங்கம் மாதிரி சாதுவான ஆளை நான் பார்த்ததில்லை. ஆனால் முகத்தில் சிவப்பு அரிதாரம் ஏறிவிட்டால் பெண்கள் மண்ணை வாரித் தூற்றுவார்கள். ஒரு ஊரில் ஓர் அம்மா துடைப்பத்தோடு சபைக்குள்ளேயே வந்துவிட்டார். அவனுக்கு அதில் பெருமை தாங்காது.

எவ்வளவு பெரிய பாவியானாலும் சேலையில் கை வைக்கும் முன் ஒரு காரியம் உண்டு. பாட்டை நிறுத்திக் கற்பூரம் ஏற்றி, அம்மன் வேஷக்காரர் காலில் விழுந்து, “தாயே, வயித்துப் பொழப்புக்குத் தொடுறேன், மன்னிச்சிடு” என்று ஊரறியக் கேட்க வேண்டும். பிறகுதான் எழுந்து இழுக்கலாம். அம்மன் வேஷம் கட்டுவது சின்னதுரை. ராஜாங்கம் வருஷா வருஷம் அவர் காலில்தான் விழுந்துகொண்டிருந்தான்.

போன வைகாசியில் களமருதூரில் திருவிழா. துகிலுரியும் கூத்து நடக்கும் அன்று மத்தியானம், வெள்ளிமலையிலிருந்து பைக்கில் இறங்கி வந்த சின்னதுரை வளைவில் சறுக்கி விழுந்து கால் எலும்பை முறித்துக்கொண்டார். திருவிழாவில் இன்ன நாளுக்கு இன்ன கூத்து என்று ஊர் கட்டிவிட்டால் மாற்ற மாட்டார்கள். ஜமா வாத்தியார் சுப்புராயன் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். அவருடைய மகள் செவ்வந்தி வந்து, “நான் கட்றேம்பா” என்றாள். பால் குடிக்கிற காலத்திலிருந்து கூத்துக் கொட்டகையில் தூங்கி வளர்ந்தவள், பாட்டு அத்தனையும் மனப்பாடம். வாத்தியாருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. எங்களுக்கும்தான்.

அங்கேதான் கோட்டை விட்டோம். செவ்வந்தி ராஜாங்கத்துக்கு மாமன் மகள். அவன் அம்மா கமலா, வாத்தியாரின் கூடப் பிறந்த தங்கை. இரண்டு பேருக்கும் தட்டு மாற்றியாகிவிட்டது, ஆவணியில் கல்யாணம். இவள் காலில் அவன் விழுந்து தாயே என்று கூப்பிட வேண்டியிருக்குமே என்பது ஒருத்தர் மண்டைக்கும் உறைக்கவில்லை. வேஷம் கட்டுகிற அவசரம், எல்லாரும் சேலைக்கு ஊக்கு தேடிக்கொண்டிருந்தோம்.

துகிலுரியும் இடம் வரும்போது கிழக்கு வெளுத்துவிட்டது. செவ்வந்தி முடியை விரித்துப் போட்டு நின்றாள். ராஜாங்கம் கற்பூரத் தட்டை வாங்கினான், அவளைப் பார்த்தான், அப்படியே நின்றுவிட்டான். நான் அதே அடியைத் திரும்பத் திரும்ப வாசிக்கிறேன், விரல் நோகிறது. கடைசியில் தட்டைக் கீழே வைத்துவிட்டு நேராகச் சேலைக்குக் கையை நீட்டினான்.

செவ்வந்தி பின்னால் நகர்ந்துவிட்டாள். “ஏத்து மாமா. கேட்டுட்டுத் தொடு” என்றாள் மெல்ல.

“தாயேன்னு சொல்லணும்டி. ஆவணில கல்யாணத்த வெச்சிக்கினு எப்டிடி சொல்றது?”

மேலே தொங்கின மைக் இதையெல்லாம் ஊருக்கே சொல்லிவிட்டது. சனங்கள் கொல்லென்று சிரித்தார்கள். செவ்வந்தி சிரிக்கவில்லை. சேலையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள். சிரிப்பு தானாக அடங்கியது. ராஜாங்கம் கற்பூரம் ஏற்றினான், விழுந்தான், கேட்டான்.

கூட்டத்திலிருந்த கமலா, “அடப்பாவி, குடியக் கெடுத்துட்டியே!” என்று வாயில் அடித்துக்கொண்டார்.

கூத்து முடிந்ததும் வேஷக் கொட்டகைக்குப் பின்னால் பஞ்சாயத்து. கமலா ஒரே பிடியாக நின்றார். “அம்மன் முன்னால ஆத்தான்னு கால்ல வுழுந்துட்டான். அவ கழுத்துலயே தாலி கட்டுவானா? ஊரு காறித் துப்பாது? வாணாம்ண்ணே, வுட்ருவோம்.” வாத்தியார் துண்டை முறுக்கிக்கொண்டிருந்தார். மகளைக் கூத்தில் வேஷம் கட்ட விட்டதற்கு இப்படியா என்று அவர் கண் கலங்கியது எனக்குத் தெரிந்தது.

ஆஸ்பத்திரியில் மாவுக்கட்டு போட்டுக்கொண்டு நேராகக் கூத்துக்கே வந்து கயிற்றுக் கட்டிலில் கிடந்த சின்னதுரை, “கமலாக்கா, இத்தினி வருசமா என்னத்தான் ஆத்தான்னு கும்புட்டான் உம் புள்ள. ஒரு நாளு அவனுக்குக் கஞ்சி ஊத்திருக்கனா நானு?” என்றார்.

“நீ ஆம்பள. உனுக்கு அது வேசம். இவ பொம்பள, சும்மா கெட.”

ராஜாங்கம் பாதி சிவப்பு துடைத்த முகத்தோடு ஒரு ஓரமாக உட்கார்ந்திருந்தான். செவ்வந்தியைப் பார்த்துக் கேட்டான். “நான் அந்த வார்த்தைய வுட்டுட்டுப் போலாம்னுதான் பாத்தேன். நீதான் சொல்ல வெச்ச. என்னைப் புடிக்கலன்னா மொதல்லயே சொல்லியிருக்கலாமே.”

செவ்வந்தி தேங்காய் எண்ணெயால் கண் மையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். கை நின்றது.

“சொல்ல வேண்டியதச் சொல்லாம கைய நீட்டுனியே மாமா, அப்பதான் எனுக்கு பயமாப் போச்சி. கேக்காம தொட்டிருந்தா உன்ன நான் கட்டிக்கவே மாட்டேன். கேட்டுட்ட. எனுக்கு அது போதும்.”

கமலா அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, “ம்க்கும். என்னைய எவன் கேட்டான்?” என்றார். அது யாருக்குச் சொன்னது என்று தெரியவில்லை. எழுந்து புடவையைத் தட்டிக்கொண்டு, “மூஞ்சக் கழுவிக்கினு வாங்க ரெண்டு பேரும், டீ ஆறுது” என்று நடந்தார்.

ஊர் பேசாமல் விடவில்லை. டீக்கடையில் ராஜாங்கத்தைக் கண்டால், “இன்னாப்பா, ஆத்தா சௌக்கியமா?” என்பார்கள். அவன் டீயைக் குடித்துவிட்டு டிராக்டரை எடுத்துக்கொண்டு போய்விடுவான். எனக்குத்தான் ஆத்திரமாக வரும்.

ஆவணியில் கல்யாணம் நடந்தது. கெட்டிமேளம் முழங்குகிறது, ராஜாங்கம் தாலியைக் கையில் வைத்துக்கொண்டு கட்டாமல் இருக்கிறான். மேளக்காரருக்குக் கை ஓய்ந்தது. மடியில் அட்சதையோடு கமலா எட்டிப் பார்க்கிறார்.

“இன்னாடா பாத்துக்கினு கீற, கட்டுடா!” என்று கத்தினார் ஊன்றுகோலோடு நின்ற சின்னதுரை.

ராஜாங்கம் குனிந்து செவ்வந்தியிடம் ஏதோ கேட்டான். அவள் தலையாட்டினாள். அதற்கப்புறம்தான் கட்டினான்.