இஷ்பெல்லின் நான்காம் அத்தியாயம்

எழுதத் தொடங்கும் முன் இஷ்பெல் கின்னியர்ட் கரும்பலகையை ஈரத்துணியால் துடைப்பாள். மேலிருந்து கீழாக மட்டும். ஒரு பட்டை துடைத்ததும் துணியை மடித்து, சுத்தமான பக்கத்தைத் திருப்பிக்கொள்வாள். பிறகு பலகை காயும்வரை சாக்பீஸை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு சும்மா நிற்பாள். எடின்பரோவின் ஈரக்காற்றில் பத்து நிமிடம் ஆகும். எதிர் மேசையிலிருந்து மூன்று வருடம் இதைப் பார்த்திருக்கிறேன். அந்தப் பத்து நிமிடத்தில் அவளோடு பேசலாம் என்று எனக்குத் தோன்றியதே இல்லை.

ஸ்டோன்ஹேவனில் மீன் பொரித்து விற்பவரின் மகள் அவள். எங்கள் அறையின் ஆய்வு மாணவர்கள் எல்லோரையும் போல, யாரும் கண்டிராத ஒன்றைப் படித்தாள். காந்தத்தை எத்தனை முறை உடைத்தாலும் இரண்டு முனையும் சேர்ந்தேதான் வரும். தனி முனை ஒன்று இருந்தால் எப்படியிருக்கும் என்பதற்கு எங்களிடம் கணக்கு மட்டும் உண்டு. மூன்று தனிமுனைகள் ஒன்றுகூடினால் நான்முகியின், அதாவது நான்கு முக்கோணங்கள் சேர்ந்த கூம்பின், வடிவம் எடுக்க முடியும். அந்த அமைப்பு முழுவதையும் ஒரே ஒரு வளைகோட்டின் சமன்பாடு சொல்லிவிடும்.

வைவாவுக்கு, அதாவது ஆய்வேட்டின் வாய்மொழித் தேர்வுக்கு, ஆறு நாள் இருக்கும்போது பலகையில் இரண்டு சமன்பாடுகள் நின்றன. ஒன்று, மூன்றாம் அத்தியாயத்தில் அவளே கண்டடைந்தது. மற்றது, நான்காம் அத்தியாயத்துக்காகப் பழைய கட்டுரையிலிருந்து எடுத்தது. இரண்டும் ஒரே நான்முகிக்கு உரியவை. ஆனால் ஒன்றில் இல்லாத இரண்டின் வர்க்கமூலம் மற்றதில் உட்கார்ந்திருந்தது.

"நாலாவது அத்தியாயம் முழுக்கப் போச்சு," என்றாள்.

நான் சரிபார்க்கட்டுமா என்று கேட்டேன். நீ நல்லவன், பொய் சொல்லுவே, வேண்டாம் என்றாள். வீட்டில் போட்டுப் பார்த்தேன். எனக்கும் பொருந்தவில்லை.

வைவா நாளன்று, நாற்காலியில் உட்காரும் முன்பே தவறை ஒப்புக்கொண்டாளாம். கார்ன்வாலிலிருந்து வந்திருந்த தேர்வாளர் பெங்கெல்லி தேநீர்த் தட்டிலிருந்து ஒரு தேயிலைப் பையை எடுத்தார், நாலு மூலையும் கூராக இருக்கும் வகை. ஒரு மூலை மேலே இருக்கும்படி மேசையில் வைத்தார். பிறகு இரண்டு விரலால் பிடித்து, ஒரு விளிம்பு மேலே வரும்படி சாய்த்தார்.

"மூணாவது அத்தியாயத்துல இப்படி நிக்குது, நாலாவதுல இப்படிப் படுத்திருக்கு. ஏம்மா, சாய்ச்சு வச்சா உள்ள இருக்கிற தேயிலை மாறிடுமா?"

திருப்பினாலும் மாறாதவற்றைப் பற்றியே மூன்று வருடம் எழுதியவள், திருப்பியதைக் கவனிக்கவில்லை. நானுந்தான். கால்மணி நேரத்தில், பலகையில் ஒரு சமன்பாட்டைச் சுழற்றி மற்றதாக்கிக் காட்டினாள்.

வெளியே வந்ததும் படிக்கட்டிலேயே உட்கார்ந்துவிட்டாள். "ஒரே ஒரு வரி சேக்கணுமாம்டா. நான்முகி எப்படி நிக்குதுன்னு." என் பையிலிருந்த ஓட்ஸ் பிஸ்கட்டுகளை ஒன்றுவிடாமல் தின்றாள். பிறகு அவள் அப்பாவுக்குப் போன் செய்ய நினைத்து, எண் மறந்துபோய், சிரித்தாள்.

அந்த ஆறு நாளுக்குள் அவள் ஆய்வேட்டைத் திரும்பப் பெறுவதாகக் கடிதம் எழுதிக் கொடுத்திருந்தாள் என்பது, கிறிஸ்துமஸ் விருந்தில் துறை அலுவலகத்து எஃபி சொல்லித்தான் எனக்குத் தெரியும். பதில் வராததால்தான் வைவா நாள் காலையில் தேர்வறைக்கு நேரில் போயிருக்கிறாள். எஃபி அந்தக் கடிதத்தை யாருக்கும் அனுப்பவே இல்லை.

"வைவா வாரத்துல ஆளுக்கொண்ணு எழுதிக் குடுக்குங்க கண்ணு," என்றாள் எஃபி. "என் டிராயர்ல இதோட பதினேழு கெடக்கு. இதுவரைக்கும் ஒருத்தரும் வந்து கேக்கல."