அவர் பதில் எழுதாத பக்கம்

போடிமெட்டில் ஆட்களை இறக்கிவிட்டுத் திரும்பிய ஜீப்பை எங்கள் தெருமுனையில் நிறுத்திச் சொன்னவன் டிரைவர் கணேசன்தான். "அப்பத்தா, கம்ப்யூட்டர் சௌந்தரம் அண்ணன் போயிட்டாரு. காலையில நெஞ்சு வலின்னாராம். தேனிக்குக் கொண்டு போறதுக்குள்ள முடிஞ்சிருச்சு." நான் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தேன். மிச்சக் கீரையையும் உருவி முடித்துவிட்டுத்தான் எழுந்தேன். நான்கு வருடமாக எனக்கும் அவருக்கும் பேச்சு இல்லை. அது கணேசனுக்கும் தெரியும். "வர்றியா, கொண்டுபோய் விடவா?" என்று கேட்டவன், என் முகத்தைப் பார்த்துவிட்டுப் பதிலுக்கு நிற்காமல் வண்டியை எடுத்தான். நான் போகவில்லை.

நினைவு மலருக்கு நானும் எழுத வேண்டும் என்று அவருடைய மனைவி சொல்லி அனுப்பினார். என்னை ஏன் கேட்டார் என்று தெரியவில்லை. நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். ஆனால் எதையும் மறக்க மாட்டேன். யார் என்ன சொன்னார்கள், எந்த இடத்தில் நின்று சொன்னார்கள் என்பது வரைக்கும் அப்படியே இருக்கும். அதைச் சுமந்து சுமந்து எனக்கே அலுத்துவிட்டது. மறக்கத் தெரிந்தவர்களைப் பார்த்தால் பொறாமையாக இருக்கிறது.

என் பேத்தி முத்துச்செல்வி படிப்பதற்காக, மலைமேல் ஏலக்காய் எஸ்டேட்டில் கங்காணியாக இருக்கும் என் மகன், அங்கே ஆபீசில் கழித்துப்போட்ட கம்ப்யூட்டர் ஒன்றை வாங்கி அனுப்பினான். அதைச் சரிசெய்து கொடுக்க வந்தபோதுதான் சௌந்தரத்தை முதலில் பார்த்தேன். ஐம்பதை நெருங்கும் வயது, ஒல்லி உடம்பு, சட்டைப்பையில் எப்போதும் ஒரு திருப்புளி. "இதுல லினக்ஸ் போட்டிருக்கேன் ஆத்தா. பழைய பொட்டிக்கு இதுதான் தோது. உள்ள என்ன நடக்குதுன்னு அதுவே சொல்லும். நாம காது குடுத்துக் கேக்கணும், அம்புட்டுத்தான்" என்றார். போகும்போது ஒரு கோடு போட்ட நோட்டில் சணல் கட்டி, கம்ப்யூட்டர் மேசைக்குப் பக்கத்தில் ஆணியில் தொங்கவிட்டார். அவர் வேலை பார்த்த எல்லா வீட்டிலும் அந்த நோட்டு தொங்கும். இதைப் படிக்கிற உங்களில் பலர் வீட்டிலும் தொங்கும்.

"ஏதாச்சும் கோளாறுன்னா, திரையில என்ன தெரியுதோ அதை அப்படியே எழுதுங்க. முதல்ல எழுதுங்க, பெறகு தொடுங்க."

"இங்கிலீசு எழுத்துக்கு நான் எங்க போறது தம்பி?"

"கோலம் போடுவீகல்ல? பார்த்துப் பார்த்து அப்படியே இழுங்க. படிக்கிறது என் சோலி."

அப்படித்தான் இழுத்தேன். பக்கத்தின் மேல்பாதியில் நான் இழுத்து வைப்பேன். கீழ்ப்பாதி அவருக்கு. என்ன கோளாறு, என்ன செய்தார் என்று தமிழில் பெரிய பெரிய எழுத்தாக எழுதிவிட்டுப் போவார்.

ஒரு சாரல் மாதத்தில் கம்ப்யூட்டர் கீச் கீச்சென்று கத்தியதே தவிர, படம் வரவில்லை. வந்து பெட்டியைத் திறந்தவர், பேத்தியின் அழிரப்பரைக் கேட்டு வாங்கி, உள்ளே இருந்து பிடுங்கிய ஒரு பட்டையின் ஓரத்தைத் தேய்த்தார். "ஈரத்துல இந்த மெமரிப் பட்டையில களிம்பு பிடிச்சுக்குது" என்றார். "அழிரப்பருக்காகவா போடியில இருந்து பெட்ரோல் போட்டு வந்தீக?" என்றேன். "அடுத்த தடவை நீங்களே தேய்ச்சுக்கலாம்ல, அதான் காட்டுறேன்." "அப்ப உங்க பொழப்பு?" "கெட்டுப்போற பொட்டிக்கா ஆத்தா போடியில பஞ்சம்?" இரண்டு பேரும் சிரித்தோம். கருப்பட்டிக் காப்பி கொடுத்தேன். அது நான் அவருக்குக் கொடுத்த கடைசிக் காப்பி என்று அப்போது தெரியாது.

பிறகு அந்தத் தேர்வு வந்தது. பேத்தி ஆசைப்பட்ட படிப்புக்கு வீட்டிலிருந்தே கம்ப்யூட்டரில் எழுத வேண்டிய தேர்வு. காலை பத்து மணிக்கு உள்ளே போயிருக்க வேண்டும், தவறினால் அடுத்த வருடம்தான். முந்தைய நாள் அவள் சௌந்தரத்துக்குப் போன் போட்டுக் கேட்டாள். தேர்வுக்குப் புதிய பதிப்பு வேண்டும், எல்லாவற்றையும் புதுப்பித்து வைத்துவிடு என்று அவர்தான் சொன்னார். சாயங்காலம் பொத்தானை அழுத்திவிட்டு, "அதுவா முடிஞ்சிரும் அப்பத்தா" என்று சொல்லி, காதில் மாட்டுகிற மைக் வாங்கப் போடிக்குப் பஸ் ஏறினாள். திரையில் எழுத்து வந்து நின்றது. நான் ஒழுங்காக நோட்டில் இழுத்து வைத்தேன். மெட்டுப் பக்கம் இடி இடித்தது. இடி இடித்தால் மெயினை இறக்குவது எங்கள் ஊரில் பச்சைப்பிள்ளைக்கும் தெரிந்த பழக்கம். எத்தனை வீட்டில் டிவி கருகியிருக்கிறது! எழுதி முடித்தேன், மெயினை இறக்கினேன். அவர் சொன்ன வரிசை தப்பவில்லை.

காலையில் திரை கருப்பாகவே கிடந்தது. பேத்தி அழுதுகொண்டே போன் போட, எட்டரை மணிக்கு மழையில் நனைந்தபடி சௌந்தரம் வந்தார். நோட்டை எடுத்துப் பார்த்தார். "ஆத்தா, நேத்து இங்க இடியா?" "ஆமா. மெயினை எறக்கிட்டேன்ல" என்றேன், பெருமையாகத்தான். அந்தப் பக்கத்தையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு நோட்டை மூடினார். ஒரு மணி நேரம் என்னென்னவோ செய்து பார்த்தார். முடியாமல், பேத்தியை வண்டியில் ஏற்றிக்கொண்டு தன் கடைக்கே வெரசாக ஓட்டினார். போய்ச் சேரும்போது பத்து இருபது. தேர்வின் கதவு அடைத்தாயிற்று.

மறுநாள் அவர் கடை வாசலில், ஏலக்காய் வியாபாரிகள் அத்தனை பேர் முன்னாலும் கத்தினேன். "பொட்டியில கண்டதையும் ஏத்தச் சொல்லி எம் பேத்தி தலையில கல்லைப் போட்டுட்டியே! உனக்கெல்லாம் தொழில் ஒரு கேடா?" அவர் படியிறங்கி வந்து, "ஆமா ஆத்தா, என் தப்புதான். பொண்ணை நேரா இங்க கூட்டியாந்திருக்கணும். வெயில்ல நிக்காதீக, உள்ள வாங்க" என்றார். நான் உள்ளே போகவில்லை.

மறு வருடம் பேத்தி எழுதித் தேறி வெளியூர் போனாள். கம்ப்யூட்டர் எனக்கானது, ஞாயிற்றுக்கிழமை அவள் முகம் பார்ப்பதற்கு. கெட்டுப்போனால் அவள் அங்கிருந்தே சௌந்தரத்துக்குச் சொல்வாள். அவர் வருவார். நான் கதவைத் திறந்துவிட்டுக் கொல்லைக்குப் போய்விடுவேன். ஒரு செம்பு தண்ணீர் கொடுத்ததில்லை. வீட்டுக்கு வந்தவருக்குத் தண்ணீர் கொடுக்காதது என்னவென்று எனக்குத் தெரியும். தெரிந்துதான் செய்தேன். ஆனாலும் நோட்டில் நான் இழுத்து வைப்பேன், அவர் பதில் எழுதிவிட்டுப் போவார். "பச்சை ஓட்டையில் சொருக வேண்டிய வயர் ரோஸ் ஓட்டையில் இருந்தது. அதான் சத்தம் வரவில்லை." "மணி தப்பாகக் காட்டியது உள்ளே இருக்கும் பொட்டு பேட்டரி தீர்ந்ததால். மாற்றிவிட்டேன். உங்கள் எழுத்து இப்போது நன்றாக விழுகிறது ஆத்தா." நான்கு வருடம் எங்கள் பேச்சு அவ்வளவுதான்.

அந்த இடி நாளின் பக்கத்துக்கு மட்டும் கீழே அவர் ஒன்றும் எழுதவில்லை. அதைத்தான் நான் சாட்சியாக வைத்திருந்தேன். பதில் சொல்ல முடியாத தப்பு, அதனால்தான் விட்டுவிட்டான் என்று.

அவர் இறந்த மூன்றாம் நாள் பேத்தி வந்தாள். அவர் கையெழுத்தைப் பார்க்க வேண்டும் என்று நோட்டைப் புரட்டினாள். அந்தப் பக்கத்தில் நின்றுவிட்டாள்.

"அப்பத்தா, இதை எழுதிட்டா மெயினை எறக்குன?"

"ஆமா. என்ன எழுதியிருக்கு?"

அவள் சொல்லத் தயங்கினாள். நான் விடவில்லை. அதில் எனக்கு வாசிக்கத் தெரிந்தது 43 என்ற எண் மட்டும்தான். மற்றதை அவள் வாசித்தாள். புதுப்பித்தல் நடக்கிறது, நூற்றுக்கு நாற்பத்து மூன்று முடிந்தது, கணினியை அணைக்க வேண்டாம். ஓர் எழுத்துப் பிசகாமல் நானே இழுத்து வைத்திருந்தேன்.

"ஒரு வருசந்தான அப்பத்தா, விடு" என்றாள். அந்த ஒரு வருடம் அவள் வீட்டுக்குள்ளேயே எப்படிக் கிடந்தாள் என்பது எனக்கு நாள் வாரியாக நினைவிருக்கிறது.

சௌந்தரம் அதை அன்றைக்கே படித்துவிட்டார். அழுதுகொண்டிருந்த பிள்ளை பக்கத்திலேயே நின்றது. ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், பேத்தி முகத்தில் நான் எப்படி விழித்திருப்பேன்? கடைத்தெருவில் வைத்துச் சொல்லியிருந்தால்? சொல்லவில்லை. பக்கத்தை வெறுமையாக விட்டுவிட்டு, என்னுடைய தப்பையும் தன்னோடு வைத்துக்கொண்டார். கடை வாசலில் நான் கத்தியதைக் கேட்டவர்கள் இதையும் கேட்டுக்கொள்ளுங்கள். கம்ப்யூட்டரைக் கெடுத்தது நான்தான்.

அவர் வீட்டுக்குப் போய்ச் சொன்னேன். அவர் மனைவி, "தெரியும்" என்றார். தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். குடித்தேன்.

என்னிடம் இருப்பது அந்த நோட்டும் அவர் சொன்ன வரிசையும்தான். போன வாரம் சாயங்காலம் மறுபடியும் அந்த எழுத்து திரையில் வந்து நின்றது. மெட்டுப் பக்கம் இடி. கை மெயின் வரைக்கும் போய்த் திரும்பியது. உட்கார்ந்து எழுதினேன். எண் 71 என்றிருந்தது. நூறு ஆகும் வரை இடியைக் கேட்டுக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். பிறகுதான் மெயினை இறக்கினேன். மின்னல் வெளிச்சத்தில் நோட்டை ஆணியில் மாட்டும்போதுதான் பார்த்தேன். பழக்கத்தில், கீழ்ப்பாதியை அவருக்கு விட்டு வைத்திருக்கிறேன்.