தம்பி மேட்டில் முளைத்த கோரை

சாலை மறியலுக்காக மூங்கில்துறைப்பட்டு ரோட்டில் புளியமரத்தை வெட்டினார்கள். மரம் ரோட்டில் விழுவதற்கு முன் என் தம்பி மேல் விழுந்தது. கல்யாணம் ஆகாதவன் என்பதால் எரிக்காமல் எங்கள் கரும்புக் கொல்லை மூலையிலேயே புதைத்தோம்.

மூன்றாம் நாள் பால் தெளித்து, மண்மேட்டில் நவதானியம் தூவினோம். அது நன்றாக முளைத்தால் செத்தவன் மனசு குளிர்ந்துவிட்டதாக ஊரில் சொல்வார்கள். முளைத்தது. அம்மா தினமும் காலையில் போய் அந்தப் பச்சையைப் பார்த்துவிட்டு வந்தால்தான் ஒரு வாய் சோறு தின்பாள். இல்லாவிட்டால் பட்டினிதான்.

பொங்கலுக்குள் அந்தப் பயிரெல்லாம் காய்ந்துவிட்டது. அப்பா எங்கிருந்தோ அருகம்புல்லைக் கொண்டுவந்து கணுக்கணுவாகக் கிள்ளி மேடு முழுக்க நட்டார். ஆயுசு முழுக்கக் கரும்பில் அருகைத் திட்டித் திட்டிக் கொத்தி எறிந்த மனுஷன். அக்காவான எனக்கு மறியல் செய்யச் சொல்லி மேடையில் முழங்கிவிட்டுப் போனவர்கள் மேல் ஆத்திரம், மரம் வெட்டத் தெரியாமல் கோடாலி தூக்கிய அவன் கூட்டாளிகள் மேல் ஆத்திரம், விலகி நிற்கத் தெரியாத தம்பி மேலும் ஆத்திரம்.

சித்திரை வெயில் புல்லைத் தீய்த்தது. ஏரி வற்றியதும் வண்டல் அள்ளிக் கொல்லையில் கொட்டுவது எங்கள் பக்கத்து வழக்கம். அந்த வருஷம் அப்பா முதல் கூடை வண்டலைத் தம்பிக்குத்தான் போட்டார். அதோடு கோரைக்களையின் கிழங்கும் வந்ததை அவர் கவனிக்கவில்லை.

கொஞ்ச நாளில் மேடு பச்சைப்பசேலென்று ஆனது. அம்மா வயிறாரச் சாப்பிட்டாள். நான் ஒரு தாளைக் கிள்ளி விரலில் உருட்டிப் பார்த்தேன். மூன்று பட்டை தட்டுப்பட்டது. அருகின் தண்டு உருண்டையாக இருக்கும், தரையோடு ஓடும். இது நெட்டுக்குத்தாக நின்றது. அப்பாவிடம் காட்டினேன்.

"தெரியும்மா" என்றார்.

பிடுங்கிப் பார்த்தார். தாள் வந்தது, கிழங்கு வரவில்லை. ஒன்று இருந்த இடத்தில் நாலாக முளைத்தது. கள்ளக்குறிச்சிக்குப் போய்ப் பூச்சிமருந்துக் கடையில் கேட்டார். நானும் கூட இருந்தேன்.

"மருந்து அடிச்சா மேலதாங்க கருகும், கெழங்கு சாவாது" என்றார் கடைக்காரர். "மொழம் ஆழத்துக்குக் கொத்தி, பொறுக்கி வெய்யில்ல போடுங்க. எந்த எடத்துலீங்க?"

அப்பா பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தார்.

அதற்குள், வண்டலில் மறுபடி துளிர்த்திருந்த அருகு பாதிக்கு மேல் மஞ்சளாகிவிட்டது. ஒரு மத்தியானம் அப்பா மண்வெட்டியோடு போனார். நான் பின்னாலேயே போனேன். ஓங்கினார், இறக்க முடியவில்லை. மண்வெட்டியைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்து விரலால் தோண்டினார். முழங்கை வரை கை உள்ளே போனது. ஒரு கிழங்கு வந்தது. அதன் வேர் இன்னும் கீழே போய்க்கொண்டிருந்தது. அம்மா எப்போது வந்து நின்றாளோ தெரியாது.

"இன்னாங்க பண்ணிக்கினு இருக்கீங்க? அவன் மேலயா தோண்டறீங்க?"

"கோரைடி. அருகெல்லாம் சாவுது."

"பச்சையாத்தான இருக்குது? வுட்டுடுங்க."

அப்பா குழியிலிருந்து கையை எடுக்காமலே அழுதார். அவர் அழுது அன்றைக்குத்தான் பார்த்தேன். பிறகு அந்தக் கிழங்கைக் குழியிலேயே வைத்து மண்ணைத் தள்ளி மூடினார். எழுந்து கிணற்றடிக்குப் போய் ஒரு குடம் எடுத்துவந்து கோரைக்குத் தண்ணீர் ஊற்றினார்.