நாப்பது பக்கத்துல சிவப்பு மை

இன்னைக்கு யாரைப் பாத்தேன்னு சொன்னா பி.எட். படிக்கிற பாதிப் பேரு எந்திரிச்சு உக்காருவீங்க. கவுண்டர் மூணு அக்காவை! பல்கலைக்கழகத்துல கல்வியியல் துறைக்குக் கீழ்த்தளத்துல, தகுதி சரிபார்க்கிற பிரிவுல, கண்ணாடிக்குப் பின்னாடி உக்காந்து நம்ம மார்க் ஷீட்டை எக்ஸ்ரே மாதிரி பாக்குறாங்களே, அவங்களேதான். சான்றிதழ் கொடுக்கப் போனேன். மதியச் சாப்பாட்டு நேரம், கூட்டமே இல்ல. பேச்சோட பேச்சா அவங்க கதை முழுசாக் கேட்டுட்டு வந்தேன். கேட்ட சூட்டோட எழுதுறேன், எழுத்துப் பிழை இருந்தா மன்னிச்சிடுங்க.

அக்காவைப் பத்தி வெளியில இருக்கிற பேச்சு ஒண்ணுதான், கல் மனசு. கணக்கு டீச்சர் ஆகணும்னா டிகிரியில கணக்கு மேஜரா இருக்கணும், மூணு வருஷமும் படிச்சிருக்கணும். அலைடா, அதாவது துணைப் பாடமா, முதல் வருஷம் மட்டும் படிச்சேன்னு யாராவது கெஞ்சினா, அக்கா காகிதத்தை அப்படியே திருப்பிக் கண்ணாடி ஓட்டை வழியாத் தள்ளிடுவாங்க. "அடுத்தவங்க பிள்ளைக்குக் கணக்கு சொல்லித் தரப் போறீங்க. நீங்களே ஒரு வருஷம்தான் படிச்சேன்னா எப்படிங்க?" அவ்வளவுதான். ஆனா அழுதுட்டு நிக்கிறவங்ககிட்ட, எந்த ரெண்டு பேப்பரை தபால்ல எழுதினா தகுதி வரும்னு துண்டுச் சீட்டுல எழுதியும் கொடுப்பாங்க. இதை வெளியில யாரும் சொல்ல மாட்டேங்கிறாங்க.

வேன் ஓட்டுற அக்கா வீட்டுக்காரர் கிண்டல் பண்ணுவாராம். கல்யாணப் பத்திரிகை வந்தாக்கூட நீ கடைசி வரியில நிபந்தனை இருக்கான்னு பாக்குறவ ஆச்சேன்னு. அக்காவுக்குச் சிரிப்பு வரும். அந்தப் பழக்கம் எப்படி வந்துச்சுன்னு அவருக்கும் தெரியும்.

பதினேழு வருஷத்துக்கு முன்னாடி அக்காவும் பி.எட். மாணவிதான். கணக்கு மேஜர், முதல் வகுப்பு. பயிற்சிக்கு ஒரு உயர்நிலைப் பள்ளிக்கு அனுப்பினாங்க. நாப்பது பாடம் எடுக்கணும். ஒவ்வொரு பாடத்துக்கும் முன்னாடி நாளே பாடத் திட்டம் எழுதி, பள்ளியில இருக்கிற வழிகாட்டி ஆசிரியர்கிட்ட கையெழுத்து வாங்கணும். அப்புறம் அவர் வகுப்புல பின் பெஞ்சுல உக்காந்து பாத்து, குறிப்பு எழுதணும். நாப்பதும் முடிஞ்சாதான் டிகிரி. சட்டத்துல இப்படித்தான் இருக்கு.

நடக்கிறது வேற. நமக்குத் தெரியாதா? எந்த வழிகாட்டியும் தினமும் கையெழுத்துப் போடுறதில்ல. "வச்சிட்டுப் போம்மா, கடைசியில மொத்தமாப் போட்டுத் தரேன்"னு சொல்லுவாங்க. தினமும் நோட்டை நீட்டினா என்னை நம்பலையான்னு முகம் சுளிப்பாங்க. அக்காவும் நம்பினாங்க. அவங்க செஞ்ச ஒரே தப்பு அதுதான்.

அவங்களுக்கு வாய்ச்ச வழிகாட்டிக்குப் பிள்ளைங்க வச்ச பேரு சிவப்பு மை. சட்டைப் பையில மூணு சிவப்புப் பேனா இருக்கும், நீலம் ஒண்ணுகூட இருக்காது. பயிற்சி வகுப்பு நடக்கிறப்ப அவர் ஆசிரியர் அறையில பேப்பர் படிச்சிட்டு இருப்பார். நாப்பது நாள்ல ஒரு நாள்கூடப் பின் பெஞ்சுக்கு வரல.

அஞ்சாவது வாரம் ஒன்பதாம் வகுப்புப் பொண்ணு ஒருத்தி பரீட்சைத் தாளைத் தூக்கிட்டு ஆசிரியர் அறைக்கு வந்தா. முக்கோணக் கணக்கு ஒண்ணு. சிவப்பு மை குறுக்கே அடிச்சு முட்டை போட்டிருந்தார். அக்கா வாங்கிப் பாத்தாங்க. புத்தகத்துல இல்லாத வழி, ஆனா ரெண்டு வரி குறைவா, சரியா வந்திருக்கு. யோசிக்கவே இல்ல, "இது சரிதாம்மா, நல்லாப் போட்டிருக்கே"ன்னு சொல்லிட்டாங்க. திரும்பினா பின்னாடியே அவர் டீ கிளாஸோட நிக்கிறார். மத்த ஆசிரியர்கள் நாலு பேரும் கேட்டுட்டு இருக்காங்க. அவர் சிரிச்சாராம். சிரிச்சுக்கிட்டே அந்தத் தாள்ல மார்க்கைத் திருத்தியும் கொடுத்தாராம். அத்தோட முடிஞ்சுதுன்னு அக்கா நினைச்சுட்டாங்க.

கடைசி நாள் நோட்டு கைக்கு வந்துச்சு. திறந்தா முதல் பக்கத்துல குறுக்கே ஒரு சிவப்புக் கோடு, கீழே ஒரே வார்த்தை, "பார்க்கவில்லை". ரெண்டாவது பக்கமும் அப்படியே. நாப்பது பக்கமும் அப்படியே. ஒரு பக்கம்கூடச் சலிக்காம எழுதியிருக்கார்.

"பொய் எழுதியிருந்தாக்கூடச் சண்டை போட்டிருப்பேன். மனுஷன் உண்மையைத்தான் எழுதியிருக்கார், அதுதான் வயிறு எரியுது"ன்னு அக்கா சொன்னப்ப அவங்க குரல் அப்படியே கீழ இறங்கிடுச்சு.

பயிற்சியில தோல்வி. அடுத்த வருஷமே பி.எட். சட்டம் மாறுச்சு. பழைய சட்டத்துல இருந்தவங்களுக்கு ஒரே ஒரு வாய்ப்பு கொடுத்தாங்க. அந்த நோட்டைப் பாத்த எந்தப் பள்ளியும் பிரச்சினை பண்ற பொண்ணுன்னு இடம் கொடுக்கல. வாய்ப்பு காலாவதி ஆச்சு. பாடம் எடுக்க அக்கா பண்ணி வச்சிருந்த அட்டைப் படமெல்லாம் எடுத்துக்கிட்டுப் போய் அவங்க தங்கச்சி டீச்சர் ஆயிட்டா. பாடத்தை எப்படி ஆரம்பிக்கிறதுன்னு தங்கச்சி போன் பண்ணிக் கேப்பாளாம். இவங்க பொறுமையாச் சொல்லுவாங்களாம். போனை வச்சப்புறம் பாத்திரம் தேய்க்கிற சத்தம் பக்கத்து வீடு வரைக்கும் கேக்குமாம்.

அதே பல்கலைக்கழகத்துல தற்காலிக எழுத்தர் வேலை வந்துச்சு. சேர்ந்தாங்க. எதுக்குத் தெரியுமா? சட்டத்தை மனப்பாடம் பண்றதுக்கு. எந்த ஓட்டையில தான் விழுந்தோமோ அது எங்க இருக்குன்னு தெரிஞ்சுக்கணும்னு ஒரு கறுவு. பதினேழு வருஷம் கறுவிக்கிட்டே இருந்தாங்க. அந்த நோட்டு அடி இழுப்பறையிலேயே கிடந்துச்சு.

போன ஜூன்ல புது விதி வந்துச்சு. வழிகாட்டி ஆசிரியர்களும் தங்களோட டிகிரியைக் காட்டணும். எந்தப் பாடத்துக்கு வழிகாட்டுறாங்களோ அது அவங்களுக்கும் மேஜரா இருந்திருக்கணும். பள்ளிகள்ல இருந்து கோப்பு கட்டுக் கட்டா வந்துச்சு. ஒரு செவ்வாய்க்கிழமை காலையில அக்கா கட்டைப் பிரிச்சு, அறுபத்தோராவது கோப்பைத் திறந்தாங்க. போட்டோவுல சட்டைப் பையில மூணு பேனா.

மார்க் ஷீட்டைப் புரட்டினாங்க. மேஜர் பொருளாதாரம். கணக்கு அலைடு, முதல் வருஷம் மட்டும்.

கோப்பை மூடிட்டுப் போய் டீ குடிச்சிட்டு வந்து மறுபடி திறந்தாங்க. அப்பவும் அலைடுதான். சிரிப்பும் வந்துச்சாம் அழுகையும் வந்துச்சாம். அந்த மனுஷன் இந்த வருஷம் ஓய்வு பெறுறார். அதுக்கப்புறம் பல்கலைக்கழகத்தோட பயிற்சி மேற்பார்வையாளர் பதவிக்கு அவர் பேருதான் முதல்ல இருக்கு. வழிகாட்டிப் பட்டியல்ல இருந்து பேரு போச்சுன்னா அந்த நாற்காலியும் போச்சு. "தகுதியில்லை"ன்னு அக்கா ஒரு வரி எழுதினாப் போதும். பிரிவு அதிகாரி, பாவம், நீங்க எழுதுங்க நான் கையெழுத்துப் போடுறேன்னு சொல்ற ரகம்.

பேனாவைத் திறந்துட்டாங்க. அப்பதான் கோப்போட பின் பக்கத்துல ஒரு பட்டியல் கண்ணுல பட்டுச்சு. இந்த வருஷம் அவருக்குக் கீழ பயிற்சியில இருக்கிறவங்க பதினோரு பேர். வழிகாட்டிக்குத் தகுதி இல்லைன்னா அவர் போட்ட கையெழுத்தும் செல்லாது. பதினோரு பேருக்கும் வருஷம் போயிடும். அன்னைக்குச் சாயங்காலமே அதுல ஒருத்தி வேற ஏதோ வேலையா கவுண்டருக்கு வந்தா, ஏழு மாசக் கர்ப்பம். பயிற்சி இந்த மாசம் முடிஞ்சிடும்ல அக்கா, இந்த வருஷம் விட்டா எனக்கு மறுபடி வர முடியாதுன்னு சொல்லிட்டு, வயித்துல கை வச்சுக்கிட்டுப் படி ஏறிப் போனா.

வீட்டுல அன்னைக்குச் சாப்பாடு இறங்கல. வீட்டுக்காரர் முழுசும் கேட்டுட்டு, தட்டுலயே கை கழுவிக்கிட்டே சொன்னார். "நீ அவரை அடிக்கக் கை ஓங்குற. குறுக்கே பதினோரு பேர் நிக்கிறாங்க. அடிக்க வேணாம்னு சொல்லல. அவங்களைத் தள்ளி நிக்க வச்சிட்டு அடி."

மறுநாள் அக்கா புது விதியை முதல் பக்கத்துல இருந்து படிச்சாங்க. பதினாலாவது பிரிவுல, யாரும் படிக்காத இடத்துல, வழி இருந்துச்சு. பத்து வருஷத்துக்கு மேல பாடம் எடுத்த ஆசிரியருக்கு மேஜர் இல்லைன்னா, ஒரு மாசத்துக்குள்ள அவரே பத்து மாதிரிப் பாடம் எடுத்துக் காட்டணும். ஒவ்வொண்ணுக்கும் முன்னாடி நாளே பாடத் திட்டம் எழுதி, பல்கலைக்கழகம் அனுப்புற பார்வையாளர்கிட்ட கையெழுத்து வாங்கணும். அதுவரைக்கும் பயிற்சி மாணவர்களோட நோட்டுல, தகுதி உள்ள வேற ஒரு கணக்கு ஆசிரியர் வகுப்பைப் பாத்து மேலொப்பம் போட்டா செல்லும்.

அக்கா முதல்ல பதினோரு பேருக்கும் மேலொப்பத்துக்கு ஆணை வாங்கினாங்க. அது கையில வந்த பிறகுதான் சிவப்பு மைக்குக் கடிதம் போச்சு, ஒரு புது நோட்டோட.

அவர் நேர்ல வந்தார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்னு பேசினார். அக்காவை அடையாளமே தெரியல. அதுதான் அக்காவுக்கு ரொம்பச் சுட்டுச்சாம். பதினேழு வருஷம் தூக்கிச் சுமந்த ஆளுக்கு நம்ம முகம்கூட ஞாபகம் இல்ல. இந்த வயசுல பாடத் திட்டம் எழுதச் சொல்றாங்களேன்னு புலம்பிட்டு, பழைய வசனத்தையே எடுத்தார்.

"கடைசியில மொத்தமாக் கையெழுத்து வாங்கிக்கலாம்லம்மா?"

"முடியாது சார். முன்னாடி நாளே வாங்கணும். கடிதத்துல அடிக்கோடு போட்டிருக்கேன், பாருங்க."

பார்வையாளரா போனது இருபத்தெட்டு வயசுப் பொண்ணு, துறையில புதுசா வந்த விரிவுரையாளர். அக்கா அவகிட்ட அவரைப் பத்தி ஒரு வார்த்தை சொல்லல. விதியில இருக்கிறபடி நடந்துக்கோம்மான்னு மட்டும் சொன்னாங்க. சிவப்பு மை ஏழு பாடம் ஒழுங்கா எடுத்தார். நோக்கம், ஊக்குவித்தல், கரும்பலகைச் சுருக்கம்னு எல்லாம் தன் கையால எழுதினார். நடுவுல பழைய கொழுப்பு எட்டிப் பாத்துச்சு. மூணு பாடத்துக்குக் கையெழுத்து வாங்காமலே வகுப்பு எடுத்துட்டார். சின்னப் பொண்ணுதானே, அப்புறம் போட்டுடுவான்னு நினைச்சிருக்கார். அவ போடல.

கெடு முடியுற நாள் அவரே நோட்டைக் கவுண்டருக்குக் கொண்டு வந்தார். அக்கா போன்ல பார்வையாளரைக் கேட்டாங்க, இந்த மூணையும் பாத்தியாம்மான்னு. இல்லக்கான்னா அவ. பிரிவு அதிகாரி பக்கத்து மேஜையில இருந்து, வேணும்னா ரெண்டு நாள் நீட்டிப்புக்கு எழுதுங்க, போட்டுடலாம்னு சொன்னார். அக்கா காதுல விழாத மாதிரி இருந்துட்டாங்க. இதை என்கிட்ட ஒளிக்காமச் சொன்னாங்க. நீட்டிப்பு கொடுத்திருக்கலாம், கொடுக்கல.

அன்னைக்குக் காலையிலதான் கடையில ஒரு சிவப்புப் பேனா வாங்கியிருந்தாங்க. மூணு பக்கத்துலயும் குறுக்கே கோடு போட்டு, கீழே ஒரே வார்த்தை எழுதினாங்க. பார்க்கவில்லை. நோட்டைத் திருப்பி ஓட்டை வழியாத் தள்ளினாங்க.

அவர் படிச்சார். மறுபடி படிச்சார். அப்பதான் தலையைத் தூக்கி, முதல் தடவையா அக்கா முகத்தைப் பாத்தார். அக்கா அடி இழுப்பறையைத் திறந்து பழைய நோட்டையும் எடுத்துத் தள்ளினாங்க. அவர் புரட்டினார். பத்து பக்கம், இருபது பக்கம். தன் கையெழுத்து அவருக்குத் தெரியாதா.

"அன்னைக்கு நான் பொய் எழுதலையேம்மா"ன்னார்.

"நானும் எழுதல சார். சீல் வச்சுத் தரேன், அந்த பெஞ்சுல உக்காருங்க."

உக்காந்தார். அக்கா அவசரமே படாம மூணு பேருக்கு வேலை முடிச்சுட்டு அப்புறம்தான் சீல் வச்சாங்க. பட்டியல்ல இருந்து பேரு போச்சு, அந்த நாற்காலியும் போச்சு. பதினோரு பேரும் பாஸ். கர்ப்பமா இருந்த பொண்ணு குழந்தையோட வந்து காட்டிட்டுப் போயிருக்கா.

இப்ப மனசு ஆறிடுச்சான்னு கேட்டேன். அக்கா கொஞ்சம்கூட யோசிக்கல. "நல்லா ஆறிடுச்சு. அன்னைக்கு ரெண்டு தட்டு சாப்பிட்டேன்."

அவர் திருப்பித் தந்துட்டுப் போன பழைய நோட்டு இப்ப இழுப்பறையில இல்ல. கண்ணாடிக்குப் பக்கத்துல நூல் கட்டித் தொங்குது, யார் வேணா புரட்டிப் பாக்கலாம். பயிற்சிக்குப் போறவங்க தயவுசெஞ்சு ஒரு தடவை கவுண்டர் மூணுக்குப் போய் அந்த நாப்பது பக்கத்தையும் பாத்துட்டுப் போங்க. உங்களுக்குத் தெரிஞ்ச பி.எட். ஆளுங்க எல்லாருக்கும் இதை அனுப்பி விடுங்க. "கடைசியில மொத்தமாப் போட்டுத் தரேன்"னு உங்க வழிகாட்டி சொன்னா, அவருக்கு முதல்ல அனுப்புங்க.