ஸ்டேபிள் என்றால் என்ன

நிலக்கடலைக் கொல்லைக்கு மோட்டார் போடப் போன நைனா கிணற்றுமேட்டிலேயே சரிந்து விழுந்தார். எங்கள் வீட்டில் அப்பாவை நைனா என்றுதான் கூப்பிடுவோம். ஆர்.கே.பேட்டையிலிருந்து ஆம்புலன்ஸில் திருத்தணிக்குக் கொண்டுவந்தார்கள். அங்கே முடியாது என்று சொல்லவும், ஒரு பெரிய தனியார் மருத்துவமனைக்குப் போனோம். மூளையில் ரத்தக்கசிவு. நான் வகுப்பிலிருந்து அப்படியே ஓடிவந்திருந்தேன். விரல்களில் சாக்பீஸ் தூள்கூடப் போகவில்லை.

மஸ்கட்டில் இருக்கும் தம்பி மறுநாள் கிளம்ப டிக்கெட் போட்டுவிட்டான்.

மறுநாள் காலை பதினோரு மணிக்குத் தீவிர சிகிச்சைப் பிரிவின் கதவு திறந்தது. டாக்டரம்மா வெளியே வந்து, "ஸ்டேபிளா இருக்காரு" என்று என்னிடம் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

அம்மா என் கையைப் பிடித்தாள். "இன்னா சொன்னாங்க?"

"நல்லா இருக்காராம்மா."

வேண்டுமென்று பொய் சொல்லவில்லை. பதினாறு வருடமாக ஆங்கிலம் நடத்துகிறவள் நான். ஸ்டேபிள் என்றால் உறுதியானது, ஆடாதது. அந்த நேரத்தில் அது நல்ல சொல்லாகத்தான் காதில் விழுந்தது.

அம்மா உடனே தம்பிக்குப் போன் செய்தாள். "நைனாவுக்கு பரவால்லியாம்டா. டாக்டரம்மாவே சொல்லிட்டாங்க. நீ ஓடியாராத, இருக்கிற லீவ கெடுத்துக்காத." அவனும் டிக்கெட்டை ரத்து செய்தான். முந்தின நாளிலிருந்து தண்ணீர்கூடக் குடிக்காதவள் இரண்டு இட்லி சாப்பிட்டாள். சுவரில் சாய்ந்து தூங்கிவிட்டாள்.

மாலை ஐந்து மணிக்கு என்னை உள்ளே விட்டார்கள். முந்தின நாள் உள்ளே கொண்டுபோனபோது பார்த்தது போலவே கிடந்தார் நைனா. வாயில் குழாய். மூச்சை இயந்திரம் விட்டுக்கொண்டிருந்தது. "கண்ணத் திறந்தாரா சிஸ்டர்?" என்று கேட்டேன். "இல்லீங்க" என்றாள்.

வெளியே வந்து போனில் அகராதியைப் பார்த்தேன். 'நிற்பது' என்று பொருள்படும் லத்தீன் சொல்லிலிருந்து வந்ததாம் ஸ்டேபிள். அதே சொல்லுக்குப் பாடத்தில் குதிரை லாயம் என்று எத்தனையோ தடவை கரும்பலகையில் எழுதிப்போட்டிருக்கிறேன். குதிரைகள் நிற்கும் இடம் அது. இரண்டுக்கும் ஒரே வேர் என்று அன்றுதான் தெரிந்தது. குணமாவது என்ற பொருள் அதில் எங்குமே இல்லை. பள்ளத்தின் விளிம்பில் நின்றாலும் நிற்பதுதான். நம்முடைய 'நிலைமை'யும் நில் என்பதிலிருந்து வந்ததுதானே. நிலைமை அப்படியே இருக்கிறது என்று சொல்லியிருந்தால் போதும். நான் சொல்லவில்லை.

அம்மாவை எழுப்பிச் சொல்ல வேண்டும். அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். முடியவில்லை. காலையில் சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன்.

காலையில் எனக்கு முன்னால் அவளே எழுந்திருந்தாள். டாக்டரம்மா யாரோ ஒருவரிடம் தெலுங்கில் பேசுவது அவள் காதில் விழுந்துவிட்டது. அம்மா பிறந்த ஊர் ஆந்திராவில் நகரி பக்கம். நேராகப் போய்க் கேட்டாள்: "அம்மா, ஆயன பாகுன்னாரா?"

டாக்டரம்மா நின்று, அம்மாவின் தோளில் கை வைத்தார். "அலாகே உன்னாரம்மா. பாகுன்னாரனி செப்பலேனு."

அப்படியேதான் இருக்கிறார், நன்றாக இருக்கிறார் என்று சொல்ல முடியாது.

அம்மா என் பக்கம் திரும்பினாள். "நேத்தும் இதத்தான் சொன்னாங்களா?"

"ஆங்."

அவள் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். "தம்பிய வரச்சொல்லு" என்று மட்டும் சொன்னாள்.

போனை எடுத்ததும் தம்பி கேட்டான். "நைனா உசுரோட இருக்காரா?"

"இருக்காருடா."

"இதுவும் நேத்து சொன்ன மாதிரியா?"

"நீ வாடா" என்றேன்.

அன்று முழுவதும் கதவு திறக்கும்போதெல்லாம் இருவரும் எழுந்து நின்றோம். ரத்த அழுத்தம் ஆபத்தான அளவுக்கு இறங்குகிறது என்று மாலையில் டாக்டரம்மா தெலுங்கில் சொன்னார். எனக்குத் தெலுங்கு அரைகுறைதான். இப்போது அம்மாதான் எனக்குச் சொன்னாள், எதையும் கூட்டாமல், குறைக்காமல்.

மறுநாள் காலை விமான நிலையத்திலிருந்து தம்பி பையோடு வந்தான். அவனை உள்ளே விட்டார்கள். பத்து நிமிடம் கழித்து வெளியே வந்தவன் சுவரைப் பிடித்துக்கொண்டு அழுதான். அம்மா தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"என் வெரல புடிச்சிகினாருக்கா" என்றான்.

நான்கு நாளில் குழாயை எடுத்தார்கள். மூன்று வாரம் கழித்து நைனா வீட்டுக்கு வந்தார். வலது கை இன்னும் வரவில்லை. பேச்சு பாதிதான் புரிகிறது. மறுபரிசோதனைக்குப் போகும்போது அம்மா என்னையும் கூட்டிப்போகிறாள். டாக்டரிடம் அவளே பேசுகிறாள். நான் மருந்துச் சீட்டை வாங்கிக்கொள்கிறேன்.

தம்பி திரும்பிப் போகுமுன் அவனிடம் மன்னிப்புக் கேட்டேன். "நானா இருந்தாலும் அம்மா மூஞ்சிய பாத்து அப்பிடித்தாங்கா சொல்லியிருப்பேன்" என்றான். என்னைத் தேற்றத்தான் சொன்னானோ என்னவோ. நான் மேற்கொண்டு கேட்கவில்லை.