மிளாவுக்குத் தெரியாத வாசனை

1. சித்தப்பா ஐந்தருவிக்குப் போய் எண்ணெயும் சீயக்காயும் தேய்த்துக் குளித்தார்.
2. வெளுத்த வேட்டி சட்டையோடு வந்து என்னை வண்டியில் ஏற்றினார்.
3. மான் காட்டுக்குள், அவரே பால் ஊட்டி வளர்த்த ஆண் மிளா அவரைத் தொடையில் குத்தியது.
4. தென்காசி ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேரும் முன் இறந்தார்.

இந்த நான்கும் எங்கள் குடும்பத்தில் எல்லோருக்கும் தெரியும். முதலாவது ஏன் நடந்தது என்பது எனக்கு மட்டும் தெரியும்.

குற்றாலத்துக்கு அப்பால் மலையடியில் ஒரு ஜமீன்தார் காட்டை வளைத்து வேலி போட்டு, புள்ளிமான்களையும், மிளா என்கிற பெரிய மான்களையும், மயில்களையும் கூண்டில்லாமல் திரிய விட்டிருந்தார். பார்க்க வருகிறவர்களை மாட்டுவண்டியில் உள்ளே அழைத்துப் போவது சித்தப்பாவின் வேலை. ஐப்பசி பிறந்தால் ஆண் மிளாக்களுக்குக் கொம்பு முற்றி வெறி ஏறும். அந்த இரண்டு மாதமும் சித்தப்பா, தீபாவளிக்குக்கூட, எண்ணெய் தொடமாட்டார். ஒரே காக்கிச் சட்டையைத் துவைக்காமல் போட்டுக்கொள்வார். தீபாவளி விடுமுறைக்கு ஆலங்குளத்திலிருந்து போயிருந்த எனக்கு அப்போது பத்து வயது. இரவுச் சாப்பாட்டின்போது மூக்கைப் பொத்தினேன். சித்தி சிரித்தாள்: "ஒரு நாளைக்கே இப்பிடிங்கியே. நான் பத்து வருசமா மூக்கப் பிடிச்சிக்கிட்டுத்தான் குடும்பம் நடத்துதேன்."

"ஏட்டி, மிளாவுக்கு மூக்குதான் எல்லாம். இந்த நாத்தம்தான் நான் உள்ள போறதுக்கு டிக்கெட்டு" என்றார் சித்தப்பா.

மறுநாள் காலை சித்தி தண்ணீருக்குப் போயிருந்தபோது நான் அவரிடம் சொன்னேன்: "குளிச்சிட்டு வந்தாத்தான் உங்க கூட வண்டியில ஏறுவேன்." அவர் தலையைச் சொறிந்துகொண்டு என்னைப் பார்த்தார். பிறகு எண்ணெய்க் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு அருவிக்கு நடந்தார். பிள்ளையில்லாத மனிதர், நான் வாய்விட்டுக் கேட்டால் அவரால் மறுக்க முடியாது.

உள்ளே, ஓடைக்கரையில், வண்டியை நிறுத்தி இறங்கினார். கையில் வெல்லம். மிளா தலையை உயர்த்தி மோந்தது. பிடரிமயிர் சிலிர்த்தது. முன்னங்காலால் தரையைத் தட்டியது. "ஏலே, நான்தாம்லே" என்றார் சித்தப்பா, இரண்டு முறை. இரண்டாவது முறை குரலில் கெஞ்சல் இருந்தது. நான் வண்டியில் உட்கார்ந்தபடி சீயக்காய் வாசனையை மோந்துகொண்டிருந்தேன்.

பின்னால் நர்ஸ் பயிற்சியில், காயத்துக்கு மேலே துணியை இறுக்கிக் கட்டியிருந்தால் பிழைத்திருக்கலாம் என்று படித்தேன். அதைக்கூடத் தாங்கிக்கொண்டேன். தாங்க முடியாதது சித்தி அன்று அழுத அழுகை: "நான் பண்ணுன கேலியிலதான போயி குளிச்சிருக்காவ! நான்லா கொன்னுட்டேன்!" அவள் மடியில்தான் நான் கிடந்தேன். வாயைத் திறக்கவில்லை.

இப்போது எனக்கு இருபத்தாறு வயது. தென்காசியில் வேலை. சித்தி என்னோடுதான் இருக்கிறாள். எனக்குச் சோறு பொங்கி வைக்கிறாள். அன்றிலிருந்து தன் தலைக்கு எண்ணெய் வைப்பதில்லை. தான்தான் காரணம் என்று இன்றும் நம்புகிறாள். நான் இன்னும் சொல்லவில்லை.